அபாகஸா, டியூஷனா, ஆயாவின் மீன் கூறா: ஏழு வயதுக் கணக்குக்கு எது சரி?

43 − 27. நோட்டில் எழுதிக் கொடுத்தால் என் மகள் அரை நிமிடத்தில் போட்டுவிடுவாள். பத்தாம் இடத்தில் கடன் வாங்கி, மூன்றைப் பதின்மூன்றாக்கி, தலைக்கு மேலே குட்டியாக எழுதி, 16 என்று அடியில் இரண்டு கோடு போட்டு நீட்டுவாள். அதே கணக்கை ஒரு நாள் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டேன். “43 இட்லி சுட்டேன். 27 காலி. இன்னும் எத்தனை இருக்கு?” (எங்கள் வீட்டில் யாரும் 43 இட்லி சுடுவதில்லை. கணக்குக்காகச் சொன்னது.)

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: “ப்ளஸ்ஸாம்மா, மைனஸாம்மா?”

அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வீடு தண்டையார்பேட்டையில். இதை வகுப்பு அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் புலம்பியதும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒருவர் அபாகஸ் என்றார். ஒருவர் தெருமுனை டியூஷன் மிஸ் நம்பரை அனுப்பினார். இன்னொருவர் ஒரு ஆப் லிங்க்கை அனுப்பி, “என் பையன் இதுலயே உக்காந்திருப்பான், தொந்தரவே இல்ல” என்று எழுதினார். இரண்டு மாதம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் டீச்சர் இல்லை. ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறவள்.

முதலில் ஒரு சோதனை. பிரான்சில் கிரனோபில் நகரத்து ஆய்வாளர்கள் 1979-80 வாக்கில் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கிறுக்குக் கேள்வி கேட்டார்கள். கப்பலில் 26 செம்மறி ஆடு, 10 வெள்ளாடு இருக்கின்றன, கேப்டனுக்கு என்ன வயது? 97 பிள்ளைகளில் 76 பேர், கொடுத்த எண்களை வைத்து ஏதோ கணக்குப் போட்டு ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். நான் இதை எங்கள் பக்கத்து மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்குக் கொண்டுவந்து, விசைப்படகான லாஞ்சை வைத்துக் கேட்டேன். “ஒரு லாஞ்சில் 12 வலை, 8 ஐஸ் பெட்டி. லாஞ்சு டிரைவருக்கு என்ன வயசு?” என் மகள் விரலை மடக்கிவிட்டு “20” என்றாள். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

எங்கள் பிரச்சினை எனக்குப் புரிந்தது அப்போதுதான். அவளுக்குக் கூட்டவும் கழிக்கவும் வருகிறது. கேள்வியில் என்ன நடக்கிறது என்று யோசிக்கத்தான் வரவில்லை. எண்ணைப் பார்த்ததும் கை ஓடுகிறது. கணக்குப் போட வராததும் கேள்வியை யோசிக்க வராததும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு. உங்கள் பிள்ளைக்கு எது என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

அபாகஸிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கம் அதிகம் விளம்பரம் ஆவது அதுதான். ஆட்டோ முதுகிலிருந்து பால் பூத் சுவர் வரை நோட்டீஸ். நாங்கள் போன டெமோ வகுப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விரலைத் தட்டித் தட்டி, பத்து எண்களைக் கூட்டினான். நானே கைதட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, கம்பியில் மணி கோத்த அந்த மரச்சட்டம் அழகான கருவி. ஜப்பானிய சொரோபான் வகை. ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, அதற்கு மதிப்பு 5. கீழே நான்கு மணி, ஒவ்வொன்றுக்கும் 1. நாலோடு ஒன்றைக் கூட்டக் கீழே மணி தீர்ந்துவிடும். அதனால் மேல் மணியை இறக்கிக் கீழே நாலையும் தள்ள வேண்டும். இப்படியே ஐந்துக்கு ஜோடி, பத்துக்கு ஜோடி எல்லாம் பிள்ளையின் விரலுக்குள் போய்விடுகிறது. 7-க்கு 3, 6-க்கு 4 என்று யோசிக்காமல் வருவது பெரிய விஷயம். ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரும் பழக்கமும் கூடவே வருகிறது.

ஆனால் டெமோ முடிந்ததும், என் இட்லிக் கேள்வி மாதிரி வாக்கியமாக வரும் கணக்குகளைப் பற்றி அந்த மிஸ்ஸிடம் கேட்டேன். “ஸ்டேட்மென்ட் சம் எல்லாம் இதுல வருமா மேடம்?” அவர் நேர்மையானவர். “அது ஸ்கூல்ல பார்த்துப்பாங்கம்மா. நாங்க ஸ்பீடும் அக்யூரஸியும்” என்றார். அவ்வளவுதான் விஷயம். அபாகஸில் கூட்டவா கழிக்கவா என்பதை வகுப்பே சொல்லிவிடுகிறது. பிள்ளை அதை வேகமாகச் செய்கிறது. என் மகளிடம் இல்லாதது அந்த முதல் பாதி. அதோடு இது ஒரு மாதத்தில் முடிகிற காரியமும் இல்லை. லெவல் லெவலாகப் போகும். எட்டு லெவல், ஒவ்வொன்றும் மூன்று மாதம் என்றால் முழுசாக இரண்டு வருடம். மாதக் கட்டணம் போக புத்தகம், பை, டி-ஷர்ட், லெவல் தேர்வு எல்லாவற்றுக்கும் தனி. சேர்வதற்கு முன் இந்தக் கடைசி வரியைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கே தடுமாறுகிற பிள்ளை, 8-உம் 5-உம் கூட்ட இன்னும் விரல் தேடுகிற பிள்ளை என்றால் அபாகஸ் உதவும். அதுவும் பிள்ளைக்குப் பிடித்திருந்தால். என் மகளுக்கு வேண்டியது அது இல்லை.

அடுத்தது தெரு டியூஷன். வட சென்னையில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, பாய், பதினைந்து பிள்ளைகள், ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை ஒரு அக்கா. யூகேஜியும் அங்கேதான், ஏழாம் வகுப்பும் அங்கேதான். இதன் உண்மையான பயன் கணக்கு இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து வரும்வரை பிள்ளை பத்திரமாக ஒரு இடத்தில் இருக்கிறது, வீட்டுப்பாடம் முடிந்துவிடுகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானே ஒரு வருடம் அனுப்பியிருக்கிறேன்.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், அங்கே ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ‘மொத்தம்’ வந்தால் கூட்டு, ‘மீதி’ வந்தால் கழி, ‘அதிகம்’ வந்தால் கூட்டு. பதினைந்து பிள்ளைகளை ஒரே நேரத்தில் சமாளிக்க அந்த அக்காவுக்கு வேறு வழியும் இல்லை. தேர்வுத்தாளில் பாதிக்கு மேல் இது வேலையும் செய்யும். ஆனால் இதைக் கேட்டுப் பாருங்கள்: கவிதாவிடம் 12 பென்சில் இருக்கிறது. அது மாலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். மாலாவிடம் எத்தனை? ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பிள்ளை 17 என்று எழுதிவிடும். விடை 7. இப்படி இரண்டு பேரை ஒப்பிடுகிற கணக்குகள் சின்னப் பிள்ளைகளுக்கு எப்போதும் கஷ்டம். எதையும் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. இரண்டு குவியல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். சொல்லைப் பிடித்து ஓடுகிற பிள்ளை இங்கே கவிழ்ந்துவிடும். குவியலை மனசில் பார்க்கிற பிள்ளை தப்பிக்கும்.

டியூஷன் தவிர வேறு வழி இல்லாதவர்கள் அக்காவிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கலாம். வாரம் இரண்டு ஸ்டேட்மென்ட் சம், விடை எழுதுவதற்கு முன் படம் வரையச் சொல்ல வேண்டும். அவ்வளவு போதும். இதற்கு மேல் கேட்டால் அவர்களுக்கும் கோபம் வரும்.

மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை கணக்கில் எந்த நிலையில் இருக்கிறது என்று வகுப்பு டீச்சரிடம் கேளுங்கள், சொல்லுவார். எங்கள் கீழ் வீட்டுப் பையன் அங்கேதான் படிக்கிறான். மணிகளையும் குச்சிக் கட்டுகளையும் வைத்துப் பழகியவன். என் இட்லிக் கேள்விக்கு அவன் ப்ளஸ்ஸா மைனஸா என்று கேட்கவில்லை. தரையில் கோடு போட்டு நாலு பத்தும் மூன்று ஒன்றும் வரைந்து, அடித்துக்கொண்டே வந்தான். நேரம் ஆனது. கடைசியில் 17 என்று தப்பாகத்தான் சொன்னான். ஆனால் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மாதம் இவ்வளவு ஃபீஸ் கட்டுகிற எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பயிற்சிப் புத்தகம் பற்றிச் சுருக்கமாக. பாரிமுனைப் பக்கம் போனால் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. வாங்கும்போது ஒரு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மேலே ‘கழித்தல்’ என்று தலைப்புப் போட்டு, கீழே இருபது கணக்கும் கழித்தலாகவே இருந்தால் அந்தப் பக்கத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. தலைப்பே விடை சொல்லிவிட்டது. கூட்டல், கழித்தல், பங்கு போடுதல் எல்லாம் கலந்து வருகிற புத்தகம் வேண்டும். கிடைக்காவிட்டால் நீங்களே மூன்று பக்கத்திலிருந்து ஒவ்வொரு கணக்கைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். தினம் மூன்று போதும். இன்று உலகம் முழுக்க நடக்கிற குமோன் முறையே, 1954-ல் ஜப்பானில் டோரு குமோன் என்ற கணக்கு ஆசிரியர் இரண்டாம் வகுப்பு படித்த தன் மகனுக்குத் தினம் கையால் எழுதிக் கொடுத்த தாள்களில் தொடங்கியதுதான். கொஞ்சம், ஆனால் தினமும் என்கிற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் காசு கிடையாது.

ஆப் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு என்று ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தோம். நாலு விடை காட்டி ஒன்றைத் தொடச் சொல்கிறது. தப்பாகத் தொட்டால் அடுத்தது, அதுவும் தப்பென்றால் அதற்கடுத்தது. யோசிக்காமலே நட்சத்திரம் சேர்ந்துவிடுகிறது. ஓரத்தில் ஓடிய கடிகாரத்தைப் பார்த்து நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். நிறுத்திவிட்டேன். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். பாடம் புரியாத நாளில் அது போதும்.

இனி வீடு. இதை விலாவாரியாகவே சொல்கிறேன்.

என் அம்மா, அதாவது மகளுக்கு ஆயா, முப்பது வருடம் காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருவில் கூறு வைத்து விற்றவர். பள்ளிக்கூடம் போனதில்லை. முட்டி வலியால் இப்போது வியாபாரம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்கி வந்த மீனைத் தாம்பாளத்தில் கொட்டி, பேத்தியைக் கூப்பிட்டார். சின்னதும் பெரிதுமாக 18 சங்கரா. “நாலு கூறு போடு கண்ணு. நாலும் ஒரே வெலைக்குப் போவணும்.”

என் மகள் கூறுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். நாலு நாலாக வந்தது. கையில் இரண்டு மிச்சம். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன், அம்மா கண்ணாலேயே அடக்கிவிட்டார். ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு அது பத்து நிமிடம் மாதிரி இருந்தது. பிறகு அந்த இரண்டையும் இரண்டு கூறில் போட்டாள். 5, 5, 4, 4. “ஆயா, இது சரியில்ல. இதுல அஞ்சு, அதுல நாலு.” ஆயா ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். மறுபடி குனிந்தாள். திடீரென்று மீன்களைக் கலைத்து, குட்டி மீன்களை ஐந்து ஐந்தாகவும் பெரிய மீன்களை நாலு நாலாகவும் மாற்றி வைத்தாள். “இப்ப சண்ட வராது.”

நிஜத்தில் கூறு போடுகிறவர்கள் செய்வதும் அதைத்தான். ‘நாலால் வகுத்தால் ஈவு 4, மீதி 2’ என்று நோட்டில் எழுதியிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். மீதி 2-ஐ என்ன செய்வது என்று யோசித்தாள் பாருங்கள், அதைத்தான் நான் இரண்டு மாதமாக ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் கிடைப்பதை எல்லாம் கணக்காக்க ஆரம்பித்தோம். கேரம் எங்கள் ஏரியாவுக்குச் சொல்லவே வேண்டாம். 2008-ல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டை. நாங்கள் அடிப்பது சும்மா பாயின்ட் ஆட்டம். கறுப்பு 5, வெள்ளை 10, சிவப்பு 25. மொத்தம் 160. ஆட்டம் முடிந்ததும் காய்களை மூடி வைத்துக்கொண்டு கேட்பேன்: “நான் 55 எடுத்திருக்கேன். என்னென்ன காய் இருக்கும்?” சிவப்பும் மூன்று வெள்ளையும் இருக்கலாம். ஐந்து வெள்ளை, ஒரு கறுப்பு இருக்கலாம். ஒன்பது கறுப்பு, ஒரு வெள்ளையும் சரிதான். ஒரே விடைதான் என்று பழகிய பிள்ளைக்கு இது புதுசு. முதல் நாள் கோபப்பட்டாள். “எது கரெக்டுனு சொல்லும்மா!”

மெட்ரோவில் திருவொற்றியூர் கோயிலுக்குப் போகும்போதும் ஒன்று. தண்டையார்பேட்டையில் ஏறினால் நாங்கள் இறங்கும் தேரடி எத்தனையாவது ஸ்டேஷன்? ஐந்து என்றாள். ஏறிய இடத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள். நான் திருத்தவில்லை. புது வண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை என்று விரல் விட்டுக்கொண்டே வந்தவள், நாலாவது விரலில் தேரடி வந்துவிட, “ஒண்ணு காணோம்” என்று இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். கம்பத்தை எண்ணுவதா, இடைவெளியை எண்ணுவதா என்கிற இந்தக் குழப்பத்தில் பெரியவர்களே விழுவார்கள்.

இப்படிப் பொருளைத் தொட்டுக் கணக்குப் பழக்குவது ஒன்றும் நம் கண்டுபிடிப்பு இல்லை. முத்தியால்பேட்டை பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் செய்து கற்பதற்காகவே வாழ்நாளைச் செலவழித்தவர். ராமானுஜன் நினைவாக அவர் 1993-ல் அமைத்த அருங்காட்சியகம் ராயபுரத்தில்தான் இருக்கிறது. துறைமுகத்தில் 1912-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கிளார்க் வேலை பார்த்த ராமானுஜன் பெயரைச் சொல்லி அபாகஸ் விற்கிறவர்கள் உண்டு. அதே ஊரில் இது இருப்பது பலருக்குத் தெரியாது. எனக்கே இப்போதுதான் தெரியும். போவதாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

வீட்டு வழியில் குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. எனக்குப் பத்தாவது நிமிடம் குரல் உயர்ந்துவிடும். கடையில் நின்றுவிட்டு வந்த கால் வலியோடு, “ஏன் அப்படி நினைச்ச?” என்று சிரித்த முகமாகக் கேட்பது எல்லா நாளும் நடக்காது. பண்டிகை நேரத்தில் எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் வேலை செய்கிறவர்கள் வீடு திரும்பும் நேரம் உங்களுக்குத் தெரியும். இன்னொன்று, வீட்டுக் கணக்குக்கு வரிசை கிடையாது. இன்று பங்கு, நாளை நாணயம், நாளை மறுநாள் ஒன்றுமில்லை. எழுதிக் காட்டும் பழக்கமும் வராது. ஆயா மனக்கணக்கில் புலி, ஆனால் பேத்தியின் நோட்டில் அவரால் எதையும் சொல்ல முடியாது. பள்ளியில் மார்க் போடுவது நோட்டுக்குத்தான்.

அதனால் நாங்கள் முடிவு செய்தது இது. அபாகஸ் இப்போது வேண்டாம். டியூஷன் நிறுத்திவிட்டோம், ஆயா வீட்டில் இருப்பதால் முடிந்தது. கலப்புக் கணக்குப் புத்தகம் ஒன்று, தினம் மூன்று. அதில் ஒன்றுக்கு மட்டும், சரியாக வந்தாலும் தப்பாக வந்தாலும், “எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேட்பது. தப்புக்கு மட்டும் இதைக் கேட்டால் பிள்ளை உஷாராகிவிடும், கேள்வி வந்தாலே அழித்துவிடும். மாட்டிக்கொண்டு விழிக்கும்போது நான் மனசுக்குள் அறுபது எண்ணுகிறேன். இது எனக்கான கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மீன், கேரம். சனிக்கிழமை அவள் என்னிடம் ஒரு கணக்குக் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டில் எட்டு மணி வரை யாருமே இல்லை என்றால் என் வழி உங்களுக்கு ஆகாது. டியூஷனை வைத்துக்கொண்டு, ராத்திரி சாப்பிடும்போது ஒரே ஒரு வாய்க்கணக்கு மட்டும் கேளுங்கள். பிள்ளைக்கு 20-க்குள் கூட்டவே தடுமாற்றம் என்றால் முதலில் மணி, குச்சி, புளியங்கொட்டை. அதன் பிறகு வேண்டுமானால் அபாகஸ். கணக்கில் வேகமாக இருந்துகொண்டு, ஸ்டேட்மென்ட் சம்மில் மட்டும் விழிக்கிற பிள்ளைக்கு இன்னொரு வேக வகுப்பு எதற்கு? அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கேரம் போர்டு வாங்கலாம்.

இரண்டு மாதம் கழித்து லாஞ்சு டிரைவர் வயதை மறுபடி கேட்டேன். இந்த முறை எண்கள் வேறு. 15 வலை, 6 ஐஸ் பெட்டி. வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். “வலைக்கும் வயசுக்கும் என்னம்மா?” என்றாள். எல்லா நாளும் இப்படி இல்லை. போன வாரத் தேர்வில் ஒப்பீட்டுக் கணக்கு ஒன்றைக் கூட்டிவைத்துவிட்டு வந்தாள். அரை மார்க்கும் போயிற்று.

நேற்று சனிக்கிழமை. அவள் கணக்குக் கேட்கிற முறை. என்னை விட்டுவிட்டு ஆயாவிடம் போனாள். “ஆயா, கூடையில 20 மீனு. மூணு பூனை வந்துச்சு. இப்ப 11 தான் இருக்கு. ஒரு பூனை எத்தன தின்னிருக்கும்?”

ஆயா கேட்டார்: “மூணும் ஒரே சைஸ் பூனையா?”